எந்தப் பக்கமும் சாயாத வெள்ளை

வருஷம் முழுக்க நிறத்தோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற ஊர் சிவகாசி. அங்கே அச்சாபீஸிலிருந்து வீடு திரும்புகிறவர்களின் நகக்கண்ணில் மஞ்சளோ சிவப்போ ஒட்டியிருக்கும், மழைக்காலத்தில் சாக்கடைகூட ஒரு நாள் ஊதாவாகவும் ஒரு நாள் ரோஸாகவும் ஓடும். அப்படிப்பட்ட ஊரில் புதுவீடு கட்டிய ஜெயரதி, உள்ளே சுவர் அத்தனைக்கும் வெள்ளைதான் அடிக்கணும், வெறும் வெள்ளை, என்று சொன்னபோது தெருவில் ஒருத்தருக்கும் அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாரீஸ்வரியக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே ரதி, பிஸ்தா கலர் அடி, இல்லேன்னா வெங்காயத்தோல் கலர் அடி என்று சொல்லிப் பார்த்தாள். ஜெயரதி கேட்கவில்லை.

அவள் வேலை அப்படி. காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸில், மெஷினிலிருந்து வருகிற தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முருகன் கன்னத்தில் சிவப்பு கூடிப்போச்சா, மயில் கழுத்தில் நீலம் குறைஞ்சுபோச்சா என்று பார்த்துச் சொல்கிறவள் அவள். சாயந்தரம் கண்ணை மூடினால் இமைக்குள்ளே நிறமெல்லாம் கூடிக் கும்மியடிக்கும். வீட்டுக்குள் வந்தால் எதையும் சரிபார்க்க வேண்டாத ஓர் இடம் வேண்டும் என்றாள், அதைத்தான் எல்லோரிடமும் சொன்னாள். இன்னொரு காரணத்தை அவள் புருஷன் தவசிமணியிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாடகை வீட்டில் இருந்த காலத்தில், என்றைக்காவது சொந்தமாகக் கட்டினால் கிழக்குப் பார்த்த சின்ன அறை பிள்ளைக்கு என்று பேசி, அதற்கு ரோஸா நீலமா என்று இரண்டு பேரும் சந்தோஷமாகச் சண்டை போட்டிருந்தார்கள். வருஷங்கள் போயின, ஆஸ்பத்திரிகள் போயின, வீடு வந்தது, கிழக்குப் பார்த்த சின்ன அறையும் வந்தது, சண்டை போடத்தான் காரணம் வரவில்லை.

வெள்ளைக்கு முடிவே கிடையாது என்பது பெயிண்ட் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கடை அண்ணாச்சி ஷேடு கார்டுகளை விசிறி மாதிரி விரித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாங்கிவந்து சின்ன அறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தீட்டி, விடியலில் பார்த்தாள், உச்சி வெயிலில் பார்த்தாள், டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தாள். ஒன்று நீர்மோர் மாதிரி இருந்தது. ஒன்று சொட்டு நீலம் கூடிப்போன பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இருந்தது, ஒன்று வெயில் ஏற ஏற யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு வெட்கப்பட்டது மாதிரி சிவந்தது, இன்னொன்றில் கொப்பரைத் தேங்காயின் பழுப்பு ஒளிந்திருந்தது. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிற தவசிமணிக்கு எல்லாமே வெள்ளைதான், ஆனாலும் அவர் பெண்டாட்டிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொன்றுக்கும் ஆமா, ஆமா என்று சொன்னார். கடைசியில் அண்ணாச்சிக்கே இது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து, கறுப்பில் ஊசிமுனை, மஞ்சளில் ஒரு நினைப்பு என்று சேர்த்துச் சேர்த்து ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். அது காய்ந்த பிறகு ஜெயரதி வெகு நேரம் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது எந்தப் பக்கமும் சாயல என்றாள். தவசிமணி அன்றைக்குத்தான் ஆமா சொல்லாமல் சொந்தமாக ஒன்று சொன்னார்.

"இது நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல ரதி."

வீடு முழுக்க அந்த வெள்ளை ஏறியது. சின்ன அறையில் இரண்டாவது கோட் காய்ந்த காலையில் ஜெயரதி ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சுவரில் ஒரு பிள்ளையின் நிழல் விழுந்திருந்தது. தரையை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு விரலால் எதையோ கிறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ பிள்ளை நிற்கிறது என்று எட்டிப் பார்த்தாள், தெருவில் ஒரு வெள்ளாடுதான் நின்றது. அறைக்குள்ளே அவளும் வாளியும் மட்டும்தான். அவள் தவசிமணியைக் கூப்பிட்டாள். அவர் வாயில் பல்பொடி நுரையோடு வந்து, பார்த்து, கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்து, "ஒல்லியா இருக்கே" என்றார். அதற்குப் பிறகு வேலைக்குப் போகிற வரைக்கும் அவர் சின்ன அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

தெரு இதை எடுத்துக்கொண்ட விதம் சொல்ல வேண்டியது. கறிவேப்பிலைக்கு வந்த மாரீஸ்வரியக்கா, உன் தங்கச்சி பிள்ளையா என்று கேட்டாள், இல்லை என்றதும் மேற்கொண்டு கேட்காமல் கிட்டே போய்க் குனிந்து, சட்டை தோளில் தொளதொளன்னு கெடக்கே, யாரு தச்சா இதை என்று வருத்தப்பட்டாள். மறுநாள் டேப்போடு வந்து சுவரில் வைத்து அளவெடுத்தாள், நிழல் எழுந்து நின்று இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டியது. அளவெடுத்துத் தைத்த, கீழே சுருக்கம் வைத்த கவுனை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். விடிந்து பார்த்தால் நிழலின் முழங்காலைச் சுற்றிச் சுருக்கம் அசைந்தது, ஆணியில் தொங்கிய கவுனுக்கு நிழல் இல்லாமல் போயிருந்தது. அப்படியானால் பொம்பளைப் பிள்ளைதான் என்று தெரு ஒரு முடிவுக்கு வந்தது. எதிர்வீட்டில் இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கோமதிநாயகம் சார், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒரு பிள்ளை சுவரில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் தினம் காபி குடித்த கையோடு வந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். நிழல் விரலை மடக்கி மடக்கி எண்ணும், ஏழாம் வாய்ப்பாட்டில் மட்டும் தடுமாறும். தீபாவளிக்கு முன்னால் வெடியைச் சோதித்துப் பார்க்கிற நாட்களில் நிழல் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் ஒடுங்குகிறது என்று தெரிந்ததும், தெரு ஆம்பளைகள் வெடிக்கிற இடத்தைக் கண்மாய்க் கரைக்கு மாற்றிக்கொண்டார்கள், அதை அவர்கள் பெரிய விஷயமாகப் பேசவும் இல்லை. தவசிமணியின் அம்மா ஊரிலிருந்து பேயோட்டுகிற ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தாள். அவர் உடுக்கையைக் கையிலெடுத்து, நிழலைப் பார்த்து, உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, ஃபேனைப் போடுங்கம்மா, புழுக்கமா இருக்கு பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது அந்த அறையை விட்டு எங்கேயும் போகவில்லை. ஹாலிலும் அடுப்படியிலும் அதே அண்ணாச்சி கலக்கிய அதே வெள்ளைதான் இருந்தது, ஆனாலும் கிழக்குப் பார்த்த சின்ன அறையின் சுவர்கள்தான் அதற்கு வீடு. ஜெயரதி வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அங்கே போவாள். சுவரை ஒட்டி உட்கார்ந்து, அன்றைக்கு லட்சுமியின் சேலை எப்படி ஆரஞ்சாகப் போய்விட்டது, மெஷின்காரர் எப்படித் திட்டினார் என்றெல்லாம் சொல்வாள். நிழல் அவள் நிழலின் மடிப்பக்கமாக வந்து உட்காரும். அவள் கையைத் தூக்கித் தன் கைநிழலை அதன் தலைமேல் கொண்டுபோய் வைப்பாள், கையில் எதுவும் படாது, ஆனாலும் நிழல் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுக்கும். ஒரு வீட்டில் பிள்ளை இருந்தால் எப்படி நடக்கணும், எப்போது குரலைத் தணிக்கணும், எப்போது சும்மா பக்கத்தில் உட்காரணும் என்பதெல்லாம் அவளுக்கும் தவசிமணிக்கும் அந்தச் சுவர்தான் பழக்கிக் கொடுத்தது.

அடுத்த தீபாவளிக்குப் புதுத்துணி தைக்க மாரீஸ்வரியக்கா மறுபடியும் டேப்போடு வந்தாள். அளந்தாள், இன்னொரு தரம் அளந்தாள், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுப்படியில் வந்து நின்றாள். போன வருஷ அளவேதான் என்றாள். கோமதிநாயகம் சாரும் தயங்கித் தயங்கி அதையேதான் சொன்னார், ஏழாம் வாய்ப்பாடு நேற்று வந்தது, இன்றைக்குப் பார்த்தால் மறுபடியும் தெரியவில்லை, தினமும் முதலிலிருந்துதான் என்று. நிழல் வளரவில்லை, வளரப் போவதுமில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது தவசிமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடி, "சாப்பிடுற பிள்ளை ஒண்ணைக் கூட்டிட்டு வருவோமா ரதி" என்று கேட்டார்.

அப்படித்தான் சிந்துஜா வந்தாள். எட்டு வயசு. மதுரைப் பக்கம் ஒரு இல்லத்தில் வளர்ந்தவள், அதற்கு முன்னால் எங்கே என்று அவளுக்கே தெரியாது. அவ்வளவு பெரிய பிள்ளையைத் தத்தெடுத்தால் ஒட்டுமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஒரு துணிப்பையோடு வீட்டுக்குள் வந்தவள், சின்ன அறை வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள், பயப்படவில்லை, இது யாரு என்று மெதுவாகக் கேட்டாள். இங்க இருக்கிற பிள்ளை என்று ஜெயரதி சொன்னாள். சிந்துஜா தலையாட்டிவிட்டுத் தன் பையைச் சுவரை மறைக்காத மாதிரி கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அவளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் குறை. போர்வையை மடித்து வைத்தாள், தட்டைக் கழுவி வைத்தாள், தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டுக் குடித்தாள். தெரு மொத்தமும் அவளைப் பார்க்க வந்தது, மிட்டாயும் ரிப்பனும் கொண்டுவந்தது, ஆனால் பழக்க தோஷத்தில் வந்தவர்கள் எல்லோரும் முதலில் சுவரிடம் என்ன பாப்பா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினார்கள். கோமதிநாயகம் சார் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்டார். சிந்துஜாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியும் என்பது ஜெயரதிக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். சாரிடம் அவள் தெரியாது என்றாள்.

ஒரு சனிக்கிழமை தவசிமணி அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பூக்கடையில் கனகாம்பரம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள், சின்ன அறைக்குள் போய்க் கண்ணாடியில் பார்த்து, ஓர் உதிரிப் பூவைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இந்த ரூமு இந்தக் கலர்ல இருந்தா எப்படி இருக்கும்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. வாசலில் ஜெயரதி நின்றதைப் பார்த்ததும் முகம் மாறிப்போய், சும்மா சொன்னேன் ஆன்ட்டி, வெள்ளையே நல்லாருக்கு என்றாள். ஜெயரதி அன்றைக்கு ஒரு தாய் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. வேற கலர் அடிச்சா அந்தப் பிள்ளை எங்க போகும், இந்த வெள்ளையிலதான் அது தெரியும் என்று, நியாயத்தைத்தான் சொன்னாள். சரிங்க ஆன்ட்டி என்றாள் சிந்துஜா.

மறுநாள் காலையில் பாய் ஹாலில் இருந்தது. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் விரித்துத் தூங்கி, எழுந்து, சுருட்டி வைத்திருந்தாள். துணிப்பையும் அங்கேயே வந்துவிட்டது. ஏன்டா இங்க படுத்தே, அங்க பயமா இருந்துச்சா என்று ஜெயரதி கேட்டாள். பயமெல்லாம் இல்லை என்று அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"அது முதல்ல வந்த பிள்ளைல்ல ஆன்ட்டி. நான் பெறகு வந்தவதானே. இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதான்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. இல்லத்தில் கட்டில் மாற்றி மாற்றிப் படுத்த பிள்ளை, முதலில் வந்தவர்களுக்கு ஜன்னலோரம் என்பது அவளுக்குத் தெரிந்த சட்டம். ஜெயரதி அச்சாபீஸுக்குப் போனாள், தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், அன்றைக்கு அவள் கண்ணுக்குச் சரஸ்வதி எது மீனாட்சி எது என்று தெரியவில்லை. மெஷின்காரர் இரண்டு தரம் கேட்டும் நிறம் சரியா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மத்தியானமே கிளம்பி நேரே பெயிண்ட் கடைக்குப் போனாள், வழியில் கால் முழம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு. அண்ணாச்சி பூவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார், எந்த அறைக்கு என்று கேட்டார், அவள் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கலக்க ஆரம்பித்தார்.

செய்தி அவளுக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. ஹாலுக்கு அடி, அடுப்படிக்கு அடி, மொட்டை மாடியில் ஒரு ரூம் எடுத்து அதற்கு அடி, நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் தருகிறோம் என்று வந்து நின்றார்கள். கோமதிநாயகம் சார், ஒரு சுவரையாவது விட்டுவிடலாமே அம்மா, பாதி அறை அதுக்கு, பாதி அறை இதுக்கு என்றார். அந்த யோசனை தவசிமணிக்கும் இருந்தது என்பது அவர் தலை குனிந்ததில் தெரிந்தது. ஜெயரதி, பாதி அறை கொடுத்தால் இவள் அந்தப் பாதியையும் மடித்துவைத்துவிட்டு மறுபடியும் சோபா இடுக்குக்குத்தான் போவாள் என்று சொன்னாள். மாரீஸ்வரியக்காவுக்குத்தான் தாங்கவில்லை. நான் அளவெடுத்துத் தச்சுப் போட்ட பிள்ளைடி அது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெயரதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குப் பசிக்காதுக்கா. இவளுக்குப் பசிக்கும், கேக்க மாட்டேங்குறா."

சாயந்தர வெயில் இருக்கும்போதே அவள் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவருக்கு எதிரே உட்கார்ந்தாள். என்ன சொன்னாள் என்று வெளியே யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சும் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் வந்தன. நிழல் முழங்கால்மேல் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு எழுந்து நின்று கவுனின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டது, எங்கேயோ போகக் கிளம்புகிற பிள்ளைகள் செய்கிற மாதிரி. ஜெயரதி வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு சோறு வடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயிண்டரை வைக்காமல் அவளும் தவசிமணியுமே ரோலரைக் கையில் எடுத்தார்கள். தெரு ஜனம் ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தது. சிந்துஜா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வேண்டாம் ஆன்ட்டி என்று ஒரு தரம் சொன்னாள், பிறகு சொல்லவில்லை. கனகாம்பர நிறம் வடக்குச் சுவரில் ஏறியது. வாசல் தெளித்துக்கொண்டு வரும்போது பிள்ளைகள் காலை நனையாமல் தூக்கித் தூக்கிப் பின்னால் நகர்வது போல, கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிழல் மேற்குச் சுவருக்கு நகர்ந்தது, மேற்கிலிருந்து தெற்குக்கு, தெற்கிலிருந்து கிழக்கே ஜன்னல் பக்கத்துக்கு. தவசிமணி அழுதுகொண்டேதான் அடித்தார், அதனால் அவர் அடித்த இடமெல்லாம் கொஞ்சம் திட்டுத்திட்டாக இருக்கும். கடைசியில் ஜன்னலை ஒட்டி ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு வெள்ளை மிஞ்சியபோது, ஜெயரதியின் கை ரோலரைத் தூக்க மறுத்துவிட்டது.

சிந்துஜாதான் போனாள். வந்த நாளிலிருந்து அந்தச் சுவரைத் தொடாதவள், கிட்டே போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். நிழலும் அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தது. இரண்டும் ஒரே உயரம் என்பதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். இவள் இன்னும் வளருவாள் என்று மாரீஸ்வரியக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்ற நிழல், கையை எடுத்து, ஜன்னல் திட்டில் தொற்றி ஏறி, காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்தது. பிறகு திட்டு வெறும் திட்டாக இருந்தது. சிந்துஜா கம்பியில் முகத்தை அழுத்தி வெளியே பார்த்தாள்.

"விழுந்திருச்சா?" என்று ஜெயரதி கேட்டாள்.

"இல்ல, குதிச்சிருச்சு. ஓடுது. யாரோ கூப்பிட்டாங்க போல."

ஜெயரதி வந்து எட்டிப் பார்த்தபோது தெருவில் வெயில் மட்டும் இருந்தது. சிந்துஜா பார்த்தது உண்மையோ, பெரியவர்கள் மனசு நோகக் கூடாது என்று ஒரு சின்னப்பெண் சொன்னதோ, இன்றுவரைக்கும் தெருவில் அதைக் கேட்டவர்கள் இல்லை. சிந்துஜா தரையிலிருந்த சின்ன பிரஷ்ஷை எடுத்து, திட்டுக்குக் கீழே விட்டுப்போயிருக்கு ஆன்ட்டி என்று காட்டினாள். மிஞ்சியிருந்த வெள்ளையை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூடினார்கள். மாரீஸ்வரியக்கா எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு சிந்துஜா அம்மா என்று கூப்பிட்டுவிடவில்லை, அதற்கு அடுத்த மாசமும் கூப்பிடவில்லை. பாய் சின்ன அறைக்குத் திரும்பி வந்தது, துணிப்பை காலியாகிப் பரணுக்குப் போனது, போர்வை சில நாள் மடிக்காமல் கிடந்தது, ஒரு நாள் ரசம் பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவைத்து ஜெயரதியிடம் ஒரு திட்டும் வாங்கினாள். ஐப்பசி மழை விட்டு ஊரே கழுவிவிட்ட மாதிரி இருந்த ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்க, குளியலறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"அம்மா, சோப்பு இல்ல."

அதற்குப் பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுபோனது. சொன்னது சரியா தப்பா என்று கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது ஜெயரதிக்குத் தெரிந்தது. அடுப்பைத் தணித்தாள். அலமாரியிலிருந்து ஒரு புது சோப்பை எடுத்து, உறையை உரித்து, கதவண்டை போய் நின்றாள்.

"கையை நீட்டு" என்றாள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது, சொட்டச் சொட்ட ஒரு கை வெளியே வந்தது.